தோலில் ஒலித்த கணிதம்

கண்டியில் எசல விழா நாட்களில் மேள ஒலி மலைகளில் மோதி எதிரொலிக்கும். நகரைச் சூழ்ந்த தோட்டங்களிலோ தப்பின் ஒலி. விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் ஒரு காலத்தில் அந்தத் தப்புத்தான். இவற்றைக் கேட்டு வளர்ந்த மாணவன் பேராதனையிற் கணிதம் பயிலப் புகும்போது, பூரியே தொடரை அயலார் வித்தை என்றே எண்ணுகிறான். அப்படி எண்ண வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

யோசப் பூரியே 1768இல் பிரான்சின் ஒசேர் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் ஈடுபட்டு 1794இல் சிறையும் கண்டார். வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்து 1807இல் அவர் அளித்த கட்டுரை, எத்துணைச் சிக்கலான வளைகோட்டையும் எளிய சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்றது. லக்ராஞ்சு முதலிய பேரறிஞர் ஏற்க மறுத்தனர். 1822இலேதான் அவ்வாராய்ச்சி நூலாயிற்று.

ஒலிக்கும் இது பொருந்தும். வீணை நரம்பு அதிரும்போது அடிப்படை அதிர்வுடன் அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் கலந்தெழும். வீணையும் குழலும் ஒரே சுரத்தை ஒலித்தாலும் வேறாகக் கேட்பதற்கு, இவை கலக்கும் அளவு வேறுபடுவதே பெருங்காரணம். எது எவ்வளவு என்று பிரித்தறியும் வழியைப் பூரியே தந்தார்.

ஆனால் தோற்கருவி இந்த ஒழுங்குக்கு எளிதில் அடங்காது. சீராக இழுத்துக் கட்டிய வட்டத்தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்னும் விகிதத்தில் அமைவன. முழு எண்களல்லாமையாற் சுரம் தெளிவாக எழாது. மிருதங்கமோ சுரத்தோடு பேசுகிறது! திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து, இப்புதிரை 1920இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். 1934இல் விரிவான ஆய்வையும் வெளியிட்டார். தோலின்மேல் நுண்மணல் தூவி, அசையாத கோடுகளைக் கண்டார். வலந்தலையின் நடுவே உள்ள கருஞ்சாந்தின் பாரம், ஒன்பது அதிர்வு முறைகளை 1, 2, 3, 4, 5 என்னும் ஐந்து இசையங்களுள் ஒழுங்குபடுத்துகிறது.

அந்தச் சாந்தை இட்டவர் யார்? கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, படைபடையாகத் தேய்த்து, தட்டித் தட்டிச் செவியால் அளந்த தொழிலாளர். தோலைத் தொட்டதற்காகத் தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்டோர் அவர்களுட் பலர். வாசித்தவரின் பெயர் நின்றது. செய்தவரின் பெயர் மறைந்தது. அவர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணாவின் நூல் ஒன்று 2020இலேதான் விரிவாகப் பதிவு செய்தது.

கண்டியின் கதையும் வேறல்ல. மேளமடித்த பெரவா சமூகத்தாரைச் சாதியடுக்கு கீழே வைத்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னும் கோயில் நிலத்துக்கான ஊழியம் அவர்களைத் தொடர்ந்தது. தப்பைத் தீயிற் காய்ச்சிச் சுருதி ஏற்றும் தோட்டத் தொழிலாளியையும் அறிவுடையோன் என்று அழைத்தவர் அரியர்.

சமன்பாடு எழுதிய தையற்காரர் மகனைப் போற்றுவோம். அந்தச் சமன்பாட்டுக்கு முன்பே கையாலும் செவியாலும் விடை கண்டவர்களையும் அதே வகுப்பறையிற் போற்றுவோம். ஒலியைப் பதிந்து அலைகளாகப் பிரித்துக் காட்டக் கைத்தொலைபேசியே இன்று போதும். பாடத்தைத் தப்பிலிருந்து தொடங்கலாம். அதை அடிப்பவரையே ஆசிரியராக அழைக்கலாம்.