மீன் தொட்டிக்குள் ஒரு தோட்டம்

சிக்கிலிட்டு என்னும் குடும்பத்து மீன்களை வீட்டில் வளர்ப்போரிடம் ஒரு முறைப்பாடு உண்டு. மாலையில் தொட்டியில் மணலைப் பரப்பி, நீர்ப்பூண்டுகளை ஒவ்வொன்றாய் நட்டு, அழகு பார்த்துவிட்டு உறங்கப் போவார்கள். விடிந்து பார்த்தால் பூண்டுகள் யாவும் வேரோடு பெயர்ந்து மிதக்கும். மணலின் நடுவே கிண்ணம் போற் குழி விழுந்திருக்கும். குழியோரத்தில் மீன் காவல் நிற்கும். மனம் வெறுத்து, இனிப் பூண்டே வேண்டாமென்று விட்டவர் பலர். இப்பிணக்கு நேற்றுத் தோன்றியதன்று. மீனுக்கும் பூண்டுக்குமுள்ள உறவைப் பற்றி மனிதர் நூறாண்டு காலம் கொண்டிருந்த ஓர் அழகிய எண்ணம் எவ்வாறு தளர்ந்ததென்பதும் இக்கதையில் அடங்கும்.

1779ஆம் ஆண்டில், ஒல்லாந்து நாட்டிற் பிறந்த மருத்துவரான யான் இங்கன்ஹவுஸ், பச்சிலைகளை நீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்தபோது ஒட்சிசன் குமிழிகள் எழுவதையும், இருளில் அவை நின்றுவிடுவதையும் காட்டினார். எழுபது ஆண்டுகள் கழிந்த பின், இலண்டனில் மருந்தாளர் சங்க மண்டபத்திற் பணிபுரிந்த இரசாயன அறிஞர் ரொபேட் வாரிங்டன், அவ்வுண்மையை ஒரு கண்ணாடிப் பாத்திரத்துள் உயிரோடு நிறுத்திப் பார்க்க எண்ணினார். ஏறக்குறைய பன்னிரண்டு கலன் கொள்ளும் பாத்திரத்தைப் பாதியளவு ஊற்றுநீரால் நிரப்பி, மணலும் சேறும் கல்லும் இட்டு, வலிசுனேரியா என்னும் நாடாப் போன்ற இலையுடைய பூண்டை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பூண்டு கொள்ளும். பூண்டு தரும் ஒட்சிசனை மீன் கொள்ளும். எனவே நீரை மாற்ற வேண்டியதில்லை என்பது அவர் கருத்து.

சில நாள் நன்றாகவே நடந்தது. பின்னர்ப் பழைய இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடியிற் பச்சைப் பாசி படிந்தது. வாரிங்டன் சில நன்னீர் நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்க்க, நீர் தெளிந்தது. அவை இட்ட முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. 1850ஆம் ஆண்டு இதனை இலண்டன் இரசாயனக் கழகத்துக்கு அறிவித்தார். இருவரால் இயலாததை மூன்றாமவர் வந்து முடித்துவைத்தார் என்பதே இப்பரிசோதனையின் உட்பொருள் என எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உலகம் நத்தையை மறந்து, மீனும் பூண்டும் ஒன்றையொன்று வாழ்விக்கும் என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது.

கண்ணாடி மீதிருந்த வரி 1845இல் பிரித்தானியாவில் நீக்கப்பட்டிருந்தது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ்ஸேயின் நூல் வெளிவந்தது. வரவேற்பறைகள் தோறும் தொட்டிகள் தோன்றின. 'சமநிலைத் தொட்டி' என்பது ஒரு கோட்பாடாகவே நிலைத்துவிட்டது.

அக்கோட்பாட்டுக்கு ஊறு செய்யவென்றே வந்தது போல, 1894ஆம் ஆண்டில் பேர்லின் நகரத்துக்குத் தென்னமெரிக்காவிலிருந்து ஒரு சிக்கிலிட்டு வந்து சேர்ந்தது. பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சாள்ஸ் டார்வின் உருகுவே நாட்டு மல்டொனாடோவிற் சேகரித்து, 1842இல் ஜெனின்ஸ் விவரித்த இனமே அது. வளர்ப்போரிடையே வழங்கிய பெயர் சான்சித்தோ. ஸ்பானிய மொழியிற் பன்றிக்குட்டி என்று பொருள். தாய்மீனும் தந்தைமீனும் கல்லைத் துப்புரவு செய்து முட்டையிடும். மணலிற் குழிகள் தோண்டிக் குஞ்சுகளை அவற்றுள் இட்டுக் காக்கும். பூண்டைப் பிடுங்குவது பகைமையால் அன்று, பிள்ளைப் பாசத்தால்! எல்லாச் சிக்கிலிட்டும் இத்தகையதன்று. அமேசன் நதியின் ஏஞ்சல் மீன் அகன்ற இலையின் மீதே முட்டையிடும். அதற்குப் பூண்டு தொட்டிலாகும்.

1949இல் நியூயோர்க் மீன்காட்சிச்சாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் அற்ஸ், சமநிலைத் தொட்டி வெறுங் கற்பனையென்று எழுதினார். ஒட்சிசன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்புகுகிறது. இரவில் பூண்டும் மீனைப் போலவே ஒட்சிசனை உட்கொள்கிறது. மீனின் கழிவிலுள்ள அமோனியாவை மாற்றும் பெரும்பணியைச் செய்வன, வினோகிராட்ஸ்கி 1890இற் பிரித்தெடுத்துக் காட்டிய வகையைச் சேர்ந்த நுண்ணிய பற்றீரியாக்கள். பூண்டும் அமோனியாவில் ஒரு பங்கை உணவாகக் கொள்ளும். ஆயினும் தொட்டியின் முழுச் சுமையும் அதன் தலையில் இல்லை. இதனை அறிந்தபின் பூண்டை வேலைக்காரனாகக் கருதாது, மீனைப் போலவே பேணவேண்டிய ஓர் உயிராகக் கருதுவது எளிதாயிற்று.

பேணும் முறை பெரும்பாலும் பூண்டின் பிறப்பிடத்தை அறிவதிலேயே தங்கியுள்ளது. மலாவி ஏரியின் காரமான நீரில் வலிசுனேரியா இயல்பாகவே வளர்கிறது. ஆகவே அவ்வேரி மீன்களுக்கு அது பழைய அயலவர். மேற்கு ஆபிரிக்க ஓடைக்கரைகளில் வளரும் அனூபியாசுக்கு மண்ணே வேண்டியதில்லை. அதன் கிடைத்தண்டை மணலிற் புதைத்தால் அழுகிவிடும். நூலால் மரக்கட்டையிலோ கல்லிலோ கட்டிவிட்டால், தோண்டும் மீன் தன் பாட்டில் தோண்டிக்கொண்டிருக்கலாம். இலையும் தடிப்பானது, கடிக்க முனையும் மீனும் விரைவில் விட்டுவிடும். வேரூன்றும் பூண்டுகளைச் சிறு மட்பாண்டத்தில் நட்டு, மேலே கூழாங்கற்களை நெருக்கி அடுக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, பூண்டை நட்டுச் சில வாரம் வேர்பிடிக்க விட்டபின் மீனை விடுவது. நம்மிற் பெரும்பாலோர் மீனை முதலில் வாங்கிவிடுகிறோம்.

கிரிப்டோகொரைன் என்னும் பூண்டுக்கு இப்பொறுமை மிகவும் வேண்டும். இப்பூண்டினத்திற் பல வகைகள் இலங்கையின் ஈரவலய நீரோடைகளுக்கே உரியவை. 1958இல் டி விற் என்ற ஒல்லாந்த அறிஞர் வெண்டியை என்று பெயரிட்ட வகை இன்று உலகெங்கும் தொட்டிகளில் வளர்கிறது. அதன் வேரை மீன் ஒருமுறை கிளறினாற் போதும்; இலைகள் கூழாகிக் கரைந்துவிடும். செத்துவிட்டதென்று எறியலாகாது. கிழங்கு போன்ற அடித்தண்டு உயிரோடிருந்தால், கலைக்காது விட்ட சில வாரங்களிற் புதிய இலை தலைகாட்டும்.

காடழிப்பாலும் ஓடைகள் திருத்தப்படுவதாலும் இவ்வினங்களிற் பல தம் தாயகத்தில் அருகி வருகின்றன. அவற்றின் உறவான பெக்கெற்றியை என்னும் இலங்கைப் பூண்டோ 1990களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றிற் காணப்பட்டது. யாரோ ஒருவருடைய தொட்டியிலிருந்து வெளியேறியிருக்க வேண்டும். அந்த ஆற்றுக்கே உரிய நீர்ப்பூண்டுகளை அது நெருக்கத் தொடங்கவே, மனிதர் நீரில் இறங்கி அதனை வேரோடு களைந்தனர். அங்கே தோண்டுவதற்குச் சிக்கிலிட்டு வேண்டியிருக்கவில்லை.