பட்டாம்பூச்சி விளைவும் இரண்டு நிரலாளர்களும்

பட்டாம்பூச்சி விளைவு என்றால் என்ன என்று 'தசாவதாரம்' (2008) பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கருத்தைத் தந்தவர் அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்டு லோரன்ஸ் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவருடைய கணக்குகளைக் கணிப்பொறிக்குப் புரியும்படி நிரல்களாக எழுதிக்கொடுத்த இரண்டு இளம்பெண்களை நிறையப்பேர் அறியமாட்டார்கள். அவருடைய ஆய்வுக்கட்டுரைகளில் நன்றி சொல்லும் பகுதியில்தான் அவர்கள் பெயர் இருக்கிறது.

முதலாமவர் மார்கரெட் ஹாமில்டன். கணிதப் பட்டதாரி. 1959-ல் எம்.ஐ.டி.யில் லோரன்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணிப்பொறி அறிவியலுக்கென்று தனித்துறையே இல்லாத காலம் அது. எனவே வேலை பார்த்துக்கொண்டேதான் நிரல் எழுதக் கற்க வேண்டியிருந்தது.

லோரன்ஸிடம் இருந்த இயந்திரத்தின் பெயர் எல்.ஜி.பி.-30. ஒரு பெரிய மேசை அளவு, எடை 300 கிலோவுக்கும் மேல். நினைவகமோ சுழலும் காந்த உருளை. அதில் 4,096 இடங்கள்தான்! எண்களும் கட்டளைகளும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும். தேவையான கட்டளை உருளையில் சுற்றிவரும்வரை இயந்திரம் சும்மா காத்திருக்கும். ஆகவே எதை எங்கே வைத்தால் நேரம் மிச்சமாகும் என்பதையும் நிரல் எழுதுபவர்தான் யோசிக்கவேண்டும். காற்றைப் பற்றிய சமன்பாடுகள் இந்த இயந்திரத்தில் ஓடியதென்றால் அதில் பாதிப் பெருமை நிரலுக்குச் சேரவேண்டும்.

அந்தப் புகழ்பெற்ற சம்பவம் 1961-ல் நடந்தது. 12 சமன்பாடுகள் கொண்ட ஒரு கற்பனை வானிலையை லோரன்ஸ் ஓடவிட்டிருந்தார். ஒரு பகுதியை மறுபடி பார்க்க விரும்பி, அச்சாகியிருந்த தாளிலிருந்து எண்களை எடுத்துத் தட்டச்சு செய்துவிட்டு காபி குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், இயந்திரம் இரண்டு மாத வானிலையைக் கணக்கிட்டு முடித்திருந்தது. ஆனால் அது பழைய கணக்கோடு ஒத்துப்போகவே இல்லை. முதலில் ஏதோ வால்வு பழுது என்றுதான் நினைத்தார். பிறகுதான் விஷயம் புரிந்தது. நினைவகத்தில் இருந்த எண் 0.506127, தாளில் அச்சானதோ 0.506 மட்டும். கணக்குப் புத்தகத்தில் பைசாவை விட்டுவிட்டு ரூபாயை மட்டும் எழுதினால் ஆண்டுக்கடைசியில் சில ரூபாய் வித்தியாசம் வரும், அவ்வளவுதான். வானிலை அப்படிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை!

அதே 1961-ல் ஹாமில்டன் அமெரிக்க வான்பாதுகாப்புக்கான 'சேஜ்' திட்டத்துக்குப் போனார். போகும் முன் தன் இடத்துக்கு எல்லன் ஃபெட்டர் என்பவருக்குப் பயிற்சி கொடுத்தார். அவரும் கணிதப் பட்டதாரி. மூன்றே சமன்பாடுகளை வைத்து லோரன்ஸ் 1963-ல் வெளியிட்ட கட்டுரைக்கான கணக்குகளை ஓடவிட்டவரும், வரைபடங்களைத் தயாரித்தவரும் அவர்தான். வண்ணத்துப்பூச்சியின் சிறகு போன்ற அந்த வளைகோடு இன்று கல்லூரிப் பாடநூல்களில் இருக்கிறது. கட்டுரையின் ஆசிரியர் லோரன்ஸ் ஒருவரே. இன்றைய வழக்கப்படி பார்த்தால் இணையாசிரியர் என்றே ஃபெட்டரின் பெயரைப் போட்டிருக்கலாம்.

வானிலை அலுவலகங்களுக்கு இதன் விளைவு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. 1992 முதல் ஐரோப்பிய, அமெரிக்க மையங்கள் ஒரே ஒரு கணிப்போடு நிற்காமல், தொடக்க எண்களைச் சற்றே மாற்றி மாற்றிப் பல கணிப்புகளை ஓடவிடத் தொடங்கின. அவையெல்லாம் ஒத்துப்போனால் நம்பலாம், சிதறினால் நம்பக்கூடாது.

ஹாமில்டன் பிறகு அப்போலோ விண்கலங்களின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை வகித்தார். 2016-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கமும் பெற்றார். ஃபெட்டர் எம்.ஐ.டி.க்குப் பின் ஃபுளோரிடாவில் சிலகாலம் நிரல் எழுதினார். பின்னர் அந்தத் துறைக்கே திரும்பலாமா என்று யோசித்தும் பார்த்தார். கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தது வருமான வரிக் கணக்கு தயாரிக்கும் வேலைக்கு.