முன்னரே எச்சரித்தவர், முடிவில் சரணடைந்தவர்: சிங்கப்பூரை இழந்த தளபதி பெர்சிவல்

1942 பிப்ரவரி 15 மாலை. சிங்கப்பூரின் புக்கிட் திமா பகுதியில் உள்ள ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில், ஜப்பானியத் தளபதி டொமொயுகி யமாஷிதாவின் எதிரே அமர்ந்து, பிரிட்டிஷ் மலாயாவின் படைத்தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் எர்னஸ்ட் பெர்சிவல் சரணாகதி ஆவணத்தில் கையெழுத்திட்டார். பிரிட்டிஷ் வரலாற்றின் மிகப் பெரிய சரணாகதி என்று அதனைப் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் பின்னர் வர்ணித்தார்.

சரணடைந்த படையினர் சுமார் 85 ஆயிரம் பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியர்கள்.

எழுத்தர் பணியிலிருந்து படைக்கு

பெர்சிவல் 1887 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பிறந்தார். லண்டனில் இரும்புத்தாது வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றிய அவர், 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் தமது 26-ஆம் வயதில் சாதாரண வீரராகப் படையில் சேர்ந்தார். 1916-இல் சோம் போர்க்களத்தில் காயமடைந்தார். போர் முடிவதற்குள் வீரத்துக்கான பல பதக்கங்களைப் பெற்றிருந்தார்.

1920-21 காலத்தில் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் அவர் ஆற்றிய பணி சர்ச்சைக்குரியது. கைதிகளைச் சித்திரவதை செய்ததாக ஐரிஷ் குடியரசுப் படையினர் அவர் மீது குற்றஞ்சாட்டினர்.

1937-ஆம் ஆண்டு மதிப்பீடு

சிங்கப்பூர் கடற்படைத் தளத்தின் பெரும் பீரங்கிகள் கடல்வழித் தாக்குதலை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டிருந்தன. 1936 முதல் மலாயாவில் ஜெனரல் வில்லியம் டாபியின் தலைமைப் பணி அதிகாரியாக இருந்த பெர்சிவல், 1937-இல் ஜப்பானியரின் கோணத்திலிருந்து ஒரு தாக்குதல் திட்டத்தை வகுத்துப் பார்த்தார். தெற்குத் தாய்லாந்திலும் மலாயாவின் கோத்தா பாருவிலும் எதிரி தரையிறங்கி, நிலவழியாகத் தெற்கே முன்னேறக்கூடும் என்பதே அவரது முடிவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் தரையிறக்கம் இயலும் என்பது அப்போதே உணரப்பட்டது.

1941 மே மாதம் அவரே மலாயாவின் படைத்தலைவராகத் திரும்பி வந்தார். ஆனால் கேட்ட படைபலம் வந்து சேரவில்லை. மலாயாவின் பாதுகாப்புக்கு 336 விமானங்கள் வேண்டும் என்று கணக்கிடப்பட்டிருந்த நிலையில், போர் தொடங்கியபோது இருந்தவை சுமார் 160 மட்டுமே. அவற்றிலும் பல பழையவை. ஒரு டாங்கிகூட இல்லை. மத்தியக் கிழக்குக்கும் சோவியத் யூனியனுக்குமே லண்டன் முன்னுரிமை அளித்திருந்தது.

எழுபது நாள் போர்

டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தெற்குத் தாய்லாந்திலும் தரையிறங்கினர். டிசம்பர் 10 அன்று 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ஆகிய போர்க்கப்பல்கள் விமானத் தாக்குதலில் மூழ்கின. 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ஆற்றுப் பகுதியில் ஜப்பானிய டாங்கிகள் இந்தியப் படைப்பிரிவுகளைச் சிதறடித்தன. ஜனவரி 31 அன்று எஞ்சிய படைகள் சிங்கப்பூர் தீவுக்குப் பின்வாங்கின.

பெர்சிவலின் தவறுகளும் இக்காலத்தில்தான் வெளிப்பட்டன. தீவின் வடகரையில் அரண்கள் அமைக்க வேண்டும் என்று தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் ஐவன் சிம்சன் வலியுறுத்தினார். படையினரின், மக்களின் மனவுறுதியை அது குலைக்கும் என்று கூறி பெர்சிவல் மறுத்துவிட்டார். தாக்குதல் வடகிழக்கில் வரும் என்று கருதி, புதிதாக வந்த 18-ஆவது டிவிஷனை அங்கே நிறுத்தினார். பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் வடமேற்கில் கரையேறினர்.

ஒரு வாரத்தில் நகரின் குடிநீர் விநியோகம் நிலைகுலைந்தது. யமாஷிதாவிடம் இருந்ததோ சுமார் 30 ஆயிரம் வீரர்கள், வெடிமருந்தும் குறைந்துகொண்டிருந்தது. அதனைப் பெர்சிவல் அறிந்திருக்கவில்லை.

இந்தியப் படையினர்

பிப்ரவரி 17 அன்று இந்தியப் போர்க்கைதிகள் ஃபேரர் பூங்காவில் பிரிட்டிஷ் அதிகாரிகளிடமிருந்து பிரிக்கப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் தலைமையில் உருவான முதல் இந்திய தேசிய ராணுவத்தில் அவர்களில் பல்லாயிரம் பேர் சேர்ந்தனர். சேர மறுத்தோர் பலர் தொலைதூரத் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். தோல்வி பிரிட்டிஷ் தளபதியுடையது. அதன் விலையைப் பெருமளவு செலுத்தியோர் இந்தியச் சிப்பாய்கள்.

சிறையும் பின்வாழ்வும்

சாங்கி, தைவான், மஞ்சூரியா ஆகிய இடங்களில் மூன்றரை ஆண்டுகள் கைதியாக இருந்த பெர்சிவல், 1945 செப்டம்பர் 2 அன்று 'மிசூரி' கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது ஜெனரல் மெக்ஆர்தரின் பின்னால் நின்றார். மறுநாள் பிலிப்பைன்ஸின் பாகியோவில் யமாஷிதா சரணடைந்ததையும் நேரில் கண்டார்.

நாடு திரும்பியவருக்கு வரவேற்பு இல்லை. லெப்டினன்ட் ஜெனரல் என்ற கௌரவப் பதவியுடன் 1946-இல் ஓய்வு பெற்ற அவருக்கு மேஜர் ஜெனரலுக்குரிய ஓய்வூதியமே கிடைத்தது. அப்பதவியினருக்கு வழக்கமாகக் கிடைக்கும் 'சர்' பட்டமும் வழங்கப்படவில்லை. 1949-இல் தமது தரப்பை நூலாக எழுதினார். தூரக்கிழக்குப் போர்க்கைதிகளின் சங்கத்துக்குத் தலைமையேற்று, முடக்கப்பட்ட ஜப்பானியச் சொத்துகளிலிருந்து அவர்களுக்கு இழப்பீடு பெற்றுத்தரப் பாடுபட்டார். 1966 ஜனவரி 31 அன்று லண்டனில் காலமானார்.

சிங்கப்பூரின் வீழ்ச்சி குறித்துப் பிரிட்டிஷ் அரசு பொது விசாரணை எதனையும் நடத்தவில்லை. விமானங்களையும் டாங்கிகளையும் அனுப்பாத முடிவுகள் லண்டனில் எடுக்கப்பட்டவை; வடகரையை அரணின்றி விட்டது பெர்சிவலின் முடிவு. பொது விசாரணை இல்லாத நிலையில் இரண்டின் பழியும் அவர் பெயரிலேயே தங்கிவிட்டது.