திருவண்ணாமலைத் தங்குமிடங்களும் நட்சத்திரத் தரமும்

இந்தியாவில் ஓட்டல்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்குவது மத்திய சுற்றுலா அமைச்சகம். ஓட்டல் தானாக விண்ணப்பித்தால்தான் குழு வந்து பார்க்கும். சான்று ஐந்தாண்டு செல்லும். ஆகவே நட்சத்திரம் இல்லாத விடுதி மட்டமானது என்று பொருளல்ல. உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகோலும் கிடையாது. ஒரு நாட்டின் மூன்று நட்சத்திரம் இன்னொரு நாட்டில் வேறொன்று.

திருவண்ணாமலையில் நட்சத்திர அளவுகோல் இன்னும் குறைவாகவே உதவும். இங்கே தங்குமிடம் என்பது பெரும்பாலும் லாட்ஜ், சாதிச் சத்திரம், மடம், ஆசிரம அறை. செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமத்தில் அறைக்கு வாடகை கிடையாது. முன்கூட்டியே எழுதி இடம் கேட்க வேண்டும், விரும்பினால் காணிக்கை தரலாம். எந்த நட்சத்திரப் பட்டியலிலும் இல்லாத இந்த எளிய அறைகளைத் தேடித்தான் வெளிநாட்டார் பலர் வருகிறார்கள். நட்சத்திரம் கட்டடத்தையும் வசதியையும் எடைபோடும், விருந்தோம்பலை எடைபோடாது.

பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தன்றும் வாடகை பன்மடங்கு ஏறும்; அறை கிடைப்பதே அரிது. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துக் கால் கடுக்கத் திரும்புகிறவருக்குத் தேவை வெந்நீர், சுத்தமான விரிப்பு, கொசுவலை, இரவெல்லாம் திறந்திருக்கும் வாசல். பணம் கட்டுமுன் அறையைத் திறந்து காட்டச் சொல்வதும் குழாயைத் திருகிப் பார்ப்பதும் இங்கு யாரும் தவறாக நினைக்காத வழக்கம். வெளிநாட்டவர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: அவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதியும் கடமை விடுதிக்கு உண்டு. அதைச் செய்யாத இடத்தைத் தவிர்ப்பதே நல்லது.