வெடித்தால் உண்டு, கசிந்தால் இல்லை

வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தைப் பொறுமையாகப் படித்தால், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்தாலும் நிரம்பி வழிந்தாலும் இழப்பீடு உண்டு என்று ஒரு வரி இருக்கும். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிரக ரக்ஷா’ பாலிசியில் அது இருக்கிறது. அதற்கு முன் புழங்கிய தீக்காப்பீட்டிலும் இருந்தது. சுவருக்குள் மாதக்கணக்கில் ஊறி அஸ்திவாரம்வரை இறங்கும் கசிவு அந்தப் பட்டியலில் இல்லை. சட்டென்று நேர்வதைச் சேதம் என்றும், மெல்ல நேர்வதைப் பராமரிப்புக் குறை என்றும் பிரித்துப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கம் ஓர் ஊரையும் ஓர் ஆற்றையும் என்ன செய்யும் என்பதற்குத் திருப்பூரின் வரலாறு சாட்சி.

காப்பீடும் சட்டமும் வெடிப்பைப் பார்த்து வளர்ந்தவை. 1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறு ஆண்டே வங்காளத்தில் கொதிகலன் சோதனைச் சட்டம் வந்தது. 1923-இல் அது இந்தியா முழுமைக்குமான சட்டமாயிற்று. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் பாய்லர்களும் அதன் கீழ்தான் வந்தன: சான்றிதழ் இல்லாமல் நீராவி ஏற்றக் கூடாது. ஆனால் அதே பட்டறையின் பின்பக்கத்து வாய்க்காலுக்கு, 1974-இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருந்தும், அந்தக் கண்டிப்பு வாய்க்கவில்லை. போபாலுக்குப் பிறகு வந்த 1991-இன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும் ‘விபத்து’ என்ற சொல்லின் மேல்தான் நின்றது. சொத்துச் சேதத்துக்கு அது வைத்த உச்சவரம்பு 6,000 ரூபாய். தினமும் திறந்துவிடும் சாயக்கழிவை யார் விபத்து என்பார்கள்?

பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, அந்த உப்பு நொய்யல் ஆற்றில் இறங்கியது. தொடக்கத்தில் வந்த சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன; கரைந்த உப்பை எடுக்க அவற்றால் முடியவில்லை. நிறம் தெரிந்தவரை ஊர் பதறியது. நிறம் குறைந்தபின் கேடு கண்ணுக்கு மறைந்தது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தேக்கமாகிப்போனது. தேங்கிய நீர் பூமிக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை உவராக்கியது. தண்ணீருக்காகக் காத்திருந்த விவசாயிகளே அதைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. பாசன வரலாற்றில் இதைவிடக் கொடிய தலைகீழ் மாற்றம் எனக்குத் தெரியவில்லை. 1996-இல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2006-இல் தீர்ப்பு; ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்று 2009-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது; 2011 ஜனவரியில் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவு. கல்கத்தாவின் வெடிப்புக்கு ஓராண்டு போதுமாக இருந்தது. நொய்யலின் கசிவுக்கு, வழக்குப் போட்ட நாளிலிருந்து எண்ணினாலே பதினைந்து ஆண்டுகள்.

நிச்சயமாக நடக்கப்போவதற்குக் காப்பீடு கொடுக்க முடியாது என்பார்கள். பட்டறைக்காரரைப் பொறுத்தவரை அது சரி. வாய்க்காலில் என்ன போகிறது என்பது அவருக்குத் தெரியும். பல கல் தொலைவில் கிணற்றை நம்பித் தென்னை வைத்தவருக்கு அது தெரியாது, தடுக்கவும் இயலாது. மெதுவானது என்பதும் மறைவானது என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கூடையில் போட்டதுதான் பிழை. பாலிசி இருந்தால் மாசுபடுத்துவோருக்குத் துணிச்சல் கூடும் என்பது இன்னொரு வாதம். இது வலுவானதுதான். ஆனால் 1854-இல் மான்செஸ்டரில் நீராவிப் பயனாளர்கள் கூடித் தொடங்கிய சங்கம், பாய்லரைச் சோதித்துப் பார்ப்பதையே தன் அடிப்படை வேலையாக வைத்தது. பின்னர் பாய்லர் காப்பீடும் சோதனையோடு சேர்ந்தே வளர்ந்தது. சோதனையோடு கட்டிப்போட்ட பொறுப்பு துணிச்சலைக் குறைக்கும். நொய்யல் கரையில் ஆண்டுதோறும் கிணற்று நீரின் உப்பை அளந்து, அதற்கேற்பப் பட்டறைகளிடம் முன்கூட்டியே பணம் வாங்கி வைத்திருந்தால், நீதிமன்றம் பின்னால் வந்து காப்பீட்டு நிறுவனத்தின் வேலையைச் செய்ய வேண்டியிருந்திருக்காது.

அந்த வேலையையும் நீதிமன்றத்தால் அரைகுறையாகத்தான் செய்ய முடிந்தது. இழப்பை மதிப்பிட அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2004-இல் 28,596 விவசாயிகளுக்குக் கணக்கிட்ட இழப்பீடு சுமார் 24.8 கோடி ரூபாய். தலைக்கு வகுத்தால் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. அன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு போர்வெல்கூடப் போட முடியாது. போட்டிருந்தாலும் வந்திருப்பது அதே உப்புத் தண்ணீர்தான்.