குருதி சிந்தாத காயம்

போரிலே கையிழந்து வந்தவனை ஊர் உடனே அறிந்துகொள்ளும். அவனுக்கு இரக்கமும் உண்டு, உதவிப்பணமும் உண்டு. ஆனால், உடம்பில் ஒரு கீறல்தானும் இன்றித் திரும்பி வந்து, நள்ளிரவில் அலறி எழுகின்றவனை என்னவென்று அழைப்பது? நோயாளி என்பதா, கோழை என்பதா, நடிப்பவன் என்பதா? இக்கேள்விக்குத் தெளிவான விடை காண மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் சென்றது. அவ்விடையிலே பல்லாயிரவரின் வாழ்வும், சிலரின் உயிரும் தங்கியிருந்தன. முதலாம் உலக மகாயுத்தத்தில் பிரித்தானியப் படையினர்க்கு நேர்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும்.

அந்த யுத்தத்திற்கு முன்னரும் இந்நோய் இருந்தது. 1866இல் ஜோன் எரிக்சன் என்னும் இலண்டன் சத்திரவைத்தியர், ரயில் விபத்துகளில் தப்பியோரிடம் கண்ட நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் முள்ளந்தண்டிற் பட்ட அதிர்ச்சியின் விளைவெனக் கருதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரரிடையே நெஞ்சுப் படபடப்பைக் கண்ட ஜேக்கப் டா கொஸ்தா என்பவர், 1871இல் அதனை இதயக் கோளாறாக விவரித்தார். உள்ளத்துக் கேட்டிற்கும் உடம்பிலேயே காரணம் தேடுவது அக்காலத்து வழக்கமாயிருந்தது.

1914இல் யுத்தம் தொடங்கிற்று. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வீரர்கள் பதுங்கு அகழிகளில் மாதக் கணக்கில் கிடந்தனர். தலைக்கு மேலே பீரங்கிக் குண்டுகள் இடைவிடாது வீழ்ந்தன. சில மாதங்களுள் வைத்தியசாலைகளுக்குப் புதுவகை நோயாளர் வரலாயினர். சிலர் வாய் பேசாதிருந்தனர். சிலர் பார்வை இழந்தனர். சிலருக்கு நடுக்கம் நிற்கவில்லை. கேம்பிரிட்ஜ் உளவியலறிஞர் சாள்ஸ் மையர்ஸ் இத்தகையோர் மூவரைப் பரிசோதித்து, 1915ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் எழுதினார். ‘ஷெல் ஷொக்’, அதாவது குண்டதிர்ச்சி என்னும் பெயர் அக்கட்டுரையின் வாயிலாகவே மருத்துவ நூல்களிற் புகுந்தது.

ஆயின், குண்டு வெடித்த இடத்தின் அருகே ஒருபோதும் நில்லாத வீரரிடத்தும் அதே குறிகள் தோன்றின. காரணம் வெடியின் அதிர்வு மட்டுமன்று. தாங்கொணாத அச்சமும் துயருமே என்பதை மையர்ஸ் விரைவில் உணர்ந்தார். இராணுவமோ வேறொரு கணக்கிட்டது. பகைவர் குண்டினால் நேர்ந்ததெனில் அது காயம், மதிப்பிற்குரியது. அன்றேல் அது வெறும் நோய், மதிப்பற்றது. 1917இல் குண்டதிர்ச்சி என்னும் சொல்லையே போர்க்களத்து வைத்தியர் வழங்கலாகாது எனக் கட்டளை பிறந்தது. ‘இன்னும் நிர்ணயிக்கப்படாத நரம்புக் கோளாறு’ என்று மாத்திரமே நோயாளியின் சீட்டில் எழுதப்பட்டது. பெயரை நீக்கினார்களேயன்றி நோயை நீக்க இயலவில்லை. யுத்தம் முடிவதற்குள் பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றனர்.

நோயென ஏற்கப்படாதோரின் கதி கொடிதாயிருந்தது. ஹாரி பார் என்னும் படைவீரர் 1915இல் குண்டதிர்ச்சியினால் ஐந்து மாதம் வைத்தியசாலையில் இருந்தார். கை நடுங்கியமையால், மனைவிக்குரிய கடிதங்களையும் தாதியரே எழுத வேண்டியிருந்தது. பின்னர் அவர் மீண்டும் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். 1916 செப்டெம்பரில், சொம் நதிப் போரின்போது, முன்னே செல்லத் தம்மால் இயலாதென்றார். இராணுவ நீதிமன்றத்தில் அவருக்காகப் பேச ஒருவருமில்லை. முன்பு அவரைப் பார்த்த வைத்தியரோ காயமுற்றிருந்தமையால் சாட்சி சொல்ல வரவில்லை. கோழைத்தனம் என்னும் குற்றத்திற்காக, 1916 ஒக்டோபரில், தம் இருபத்தைந்தாம் வயதில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவிக்கு உதவிப்பணமும் மறுக்கப்பட்டது.

சிகிச்சை பெற்றோரிலும் எல்லாரும் ஒரே வகையாக நடத்தப்படவில்லை. இலண்டனில் லூயிஸ் யீலண்ட் என்னும் வைத்தியர் மின்சாரத்தைக் கையாண்டார். ஒன்பது மாதமாகப் பேச்சிழந்திருந்த இருபத்து நான்கு வயது வீரன் ஒருவனை அறையினுள் வைத்துக் கதவைப் பூட்டி, தொண்டையிலே மின்னோட்டம் பாய்ச்சி, நான்கு மணி நேரத்தில் அவனைப் பேசவைத்ததாக அவரே 1918இல் தம் நூலில் எழுதினார். பேச்சு திரும்பியது உண்மை. ஆனால், பேச்சைப் பறித்த துயரம் யாதென்று கேட்க அச்சிகிச்சையில் இடமிருக்கவில்லை.

எடின்பரோ நகருக்கு அருகே, 1916இல் இராணுவ அதிகாரிகளுக்கெனத் திறக்கப்பட்ட கிரெய்க்லொக்கார்ட் வைத்தியசாலையில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. அங்கே பணியாற்றியவருள் முதன்மையானவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரி மலையிலே தோடர் என்னும் மக்களிடையே தங்கி, அவர்தம் குலமுறைகளையும் சடங்குகளையும் கேட்டறிந்து, 1906இல் பெருநூலொன்று வெளியிட்ட அறிஞர் இவரேயாவர். பிறர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கும் பழக்கம் அவருக்கு முன்னரே வாய்த்திருந்தது. ‘நடந்ததை மறந்துவிடு’ என்று நோயாளருக்கு எல்லாரும் புத்தி சொன்ன காலத்திலே, நினைவை அமுக்கி வைப்பதே நோயை வளர்க்கின்றது என்று ரிவர்ஸ் 1917இல் எடுத்துரைத்தார்.

அவர் குறிப்பிட்ட ஓர் அதிகாரி, குண்டினாற் சிதறுண்ட நண்பனின் உடலைக் கண்டவர். இரவுதோறும் கனவிலே அவ்வுடல் தோன்றி அவரை வருத்தியது. உடல் அவ்வாறு சிதைந்தமையே, நண்பன் வேதனை அறியாது கணப்பொழுதில் உயிர்நீத்தான் என்பதற்குச் சான்று என ரிவர்ஸ் அவருக்கு உணர்த்தினார். சில நாட்களின் பின் அதே கனவு மீண்டும் வந்தது. இம்முறை அச்சமில்லை. நண்பனின் அருகே மண்டியிட்டு, அவனுடைய உறவினருக்கு அனுப்பவேண்டிய பொருள்களை எடுத்ததாகக் கண்டார். எல்லா நோயாளருக்கும் இவ்வாறு ஆறுதல் கிட்டவில்லை. பயங்கரத்தைத் தவிர வேறெதுவும் காணமுடியாத நினைவுகளும் உண்டென்பதை ரிவர்ஸ் மறைக்காது எழுதினார்.

யுத்தம் முடிந்ததும் இவ்வறிவு பெரும்பாலும் கைவிடப்பட்டது. 1922இல் அறிக்கை வெளியிட்ட பிரித்தானிய விசாரணைக் குழு, குண்டதிர்ச்சி என்னும் சொல்லை அறவே நீக்குமாறு பரிந்துரைத்தது. அதே ஆண்டில் ரிவர்சும் காலமானார். வியட்நாம் யுத்தம் 1975இல் முடிவுற்ற பின்னர், அதிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரரின் துயரத்தைக் கண்டபோதுதான் மருத்துவ உலகம் மீண்டும் விழித்தது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் ‘பேரதிர்ச்சிக்குப் பின்னான மனவடு நோய்’ இடம்பெற்றது. நோய்க்குக் காரணம் நோயாளியின் இயற்கைப் பலவீனம் அன்று, அவருக்கு நேர்ந்த கொடுமையே என்பது அதனால் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இன்று இந்நோயை நிர்ணயிக்கும் முறை தெளிவானது. நடந்த கொடுமை கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்பத் தோன்றுதல். அதனை நினைவூட்டும் இடங்களையும் பேச்சுகளையும் தவிர்த்தல். குற்றவுணர்வும் பற்றின்மையும் மேலிடுதல். சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகிய நால்வகைக் குறிகள் ஒரு மாதத்திற்கு மேலாக நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின் அது இந்நோயெனக் கொள்ளப்படும். பேரதிர்ச்சிக்கு உள்ளானோர் அனைவருக்கும் இது வருவதில்லை. பாதுகாப்பும் ஓய்வும் உற்றாரின் அரவணைப்பும் கிடைப்பின் பலர் தாமாகவே தேறுவர். முதல் நாட்களில் அவர்களை வற்புறுத்தி நடந்ததைச் சொல்லவைத்தல் தகாது. நோய் நிலைத்துவிட்டால், பயிற்சி பெற்றவரின் துணையுடன் சிறிது சிறிதாக அந்நினைவை எதிர்கொள்ளச் செய்யும் உளச்சிகிச்சை பயன் தருகின்றது. தேவைப்படின் மருந்தும் உதவும்.

இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் விளைத்த மனவடுக்களை ஆராய்ந்து 1998இல் ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்டார். இத்துயரம் தனியொருவரை மாத்திரம் தாக்குவதன்று. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குவது என்பதை அவருடைய ஆய்வுகள் வலியுறுத்துகின்றன. ஆகவே, ஆறுதலும் வைத்தியரின் அறைக்குள் மாத்திரம் அடங்கிவிடுவதன்று.

ஹாரி பாரின் மகள் தந்தையின் பெயரைக் காக்க நெடுங்காலம் போராடினார். 2006இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தினால், முதலாம் மகாயுத்தத்தில் படையை விட்டு ஓடுதல், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவருள் எத்தனை பேர் உள்ளத்திற் காயமுற்றிருந்தனர் என்பதை இன்று அளவிட்டுரைத்தல் அரிது. அச்சட்டம் பழைய தீர்ப்புகளை அழிக்கவுமில்லை. அத்தண்டனைக்கு அவர்கள் உரியவரல்லர் என்பதை மட்டுமே ஏற்றுக்கொண்டது. அப்போது அம்மகளுக்கு வயது தொண்ணூறைக் கடந்திருந்தது. மன்னிப்பைக் கேட்க அவருடைய தாய் உயிரோடில்லை.