பட்டறையும் பட்டமும்: இயந்திரப் பொறியியற் கல்வி பிறந்த வரலாறு

கைத்தொழில் வேறு, கல்வி வேறு எனப் பிரித்து, முன்னதைக் கம்மாலைக்கும் பின்னதைக் கல்விக்கழகத்துக்கும் உரியதாக்கி வைத்த வழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கீழைத் தேயத்தும் மேலைத் தேயத்தும் அது நெடுங்காலம் நிலவியது. இரும்பை வடிப்பவனும் சில்லைப் பூட்டுபவனும் தம் தொழிலைத் தந்தையிடமோ ஆசானிடமோ பயின்றனர். பல்கலைக்கழகங்களோ சமயம், சட்டம், மருத்துவம் முதலிய துறைகளையே உயர்கல்வியாகப் போற்றின. இயந்திரங்களை ஆக்கும் தொழிலுக்கும் பல்கலைக்கழகப் பட்டம் உண்டு என்னும் கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. இன்று இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவன் விரிவுரை மண்டபத்திலும் பட்டறையிலும் மாறிமாறி இருத்தலை இயல்பென எண்ணுகின்றான். அவ்வொழுங்கோ நெடுங்காலம் நிகழ்ந்த ஒரு வழக்கின் தீர்ப்பாகும். அவ்வழக்கு எங்கே எழுந்தது, எங்கே தீர்ந்தது என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

நீராவி இயந்திரத்தைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட் பட்டதாரி அல்லர். ஸ்கொத்லாந்திலுள்ள கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் அவர் கருவிகளைச் செய்து பழுது பார்க்கும் கம்மியராக இருந்தார். வகுப்புக்குரிய நியூகொமன் இயந்திர மாதிரியொன்று 1763-64 இல் பழுது பார்க்குமாறு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அது நீராவியை வீணாக்குவதன் காரணத்தைத் துருவிய அவர், ஆவியைக் குளிர்விக்கத் தனியொரு கலம் வேண்டும் என்பதை 1765 இல் கண்டார். 1769 இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். வெப்பத்தின் இயல்பை ஆராய்ந்த பேராசிரியர் யோசப் பிளாக் அதே பல்கலைக்கழகத்தில் அவருக்கு நண்பராய் இருந்தார். அறிவியலும் பட்டறையும் ஒரு கூரையின்கீழ்ச் சந்தித்தால் யாது விளையும் என்பதற்கு இது முற்பட்ட சான்று. ஆயினும் அச்சந்திப்புத் தற்செயலானது; பாடத்திட்டம் எதுவும் அதனை ஏற்படுத்தவில்லை.

இதனால் இங்கிலாந்து மக்கள் பெற்ற படிப்பினை வேறொன்றாயிற்று. பட்டமின்றியே தம் நாட்டார் உலகின் தொழிற்சாலையை அமைத்துவிட்டனர் என அவர்கள் இறுமாந்தனர். இயந்திரப் பொறியியலாளர் நிறுவகம் 1847 இல் பேர்மிங்காம் நகரில் தோன்றியபோது அதன் முதற் தலைவராகத் தெரிவானவர், பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பின்றி வளர்ந்து, பதினெட்டு வயதின்பின் எழுதப் படிக்கக் கற்ற ஜோர்ஜ் ஸ்ரீபன்சன். வசதியுள்ள தந்தையர் பணம் செலுத்தித் தம் மைந்தரைப் புகழ்பெற்ற பொறியியலாளரிடம் தொழில் பயில விடுத்தனர். அங்கே கண்ணால் கண்டும் கையால் செய்தும் கற்றதே கல்வி. நூலறிவை ஏட்டுச் சுரைக்காய் என அவர்கள் எள்ளினர்.

பிரான்ஸ் நாடு மறுமுனையில் நின்றது. 1794 இல் பாரிசில் நிறுவப்பட்ட பொலிரெக்னிக் கல்லூரி, கணிதத்தையும் பௌதிகத்தையும் அடித்தளமாகக் கொண்டு பொறியியலாளரை ஆக்க முயன்றது. அதன் மாணவராகிய சாடி கார்னோ, வெப்பத்திலிருந்து பெறத்தக்க வேலைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1824 இல் ஒரு சிறு நூலில் நிறுவினார். வெப்ப இயக்கவியலுக்கு வித்திட்ட அந்நூலை அக்காலத்தில் ஏறெடுத்துப் பார்த்தோர் மிகச் சிலர். ஒரு நாட்டில் இயந்திரம் இருந்தது, அதன் தத்துவம் இல்லை. மற்றொரு நாட்டில் தத்துவம் எழுதப்பட்டது, அதனை இயந்திரத்தோடு இணைப்பாரில்லை.

இவ்விரண்டையும் இணைக்க முயன்றவருள் தலையாயவர் வில்லியம் றாங்கின். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் 1840 இல் பொறியியற் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. புகைவண்டிப் பாதை வேலைகளில் அனுபவம் பெற்றிருந்த றாங்கின் 1855 இல் அப்பதவியை ஏற்று, 1872 இல் இறக்கும்வரை வகித்தார். பொறிமுறையில் கொள்கைக்கும் செய்கைக்கும் உள்ள இசைவே அவர்தம் தொடக்கவுரையின் பொருள். தூய அறிவியல் அறிவு, தூய செய்கையறிவு என்னும் இரண்டுக்கும் இடையே, அறிவியலைச் செய்கையிற் பயன்படுத்தும் மூன்றாவது அறிவொன்று உண்டு என்றும், அதனைக் கற்பித்தலே பொறியியற் பேராசிரியரின் கடன் என்றும் அவர் வலியுறுத்தினார். 1859 இல் வெளிவந்த அவரது நீராவி இயந்திர நூல் வெப்ப இயக்கவியலைப் பொறியியலாளர் கைக்குக் கொண்டுவந்தது. எனினும் அவரது மாணவர் நெடுங்காலம் பெற்றது பட்டமன்று, தேர்ச்சிப் பத்திரமே.

1867 இல் பாரிசில் நடைபெற்ற பொருட்காட்சி இங்கிலாந்தின் இறுமாப்பைத் தளர்த்தியது. அங்கு நடுவராக இருந்த லயன் பிளேபெயர், ஏனைய நாடுகள் தொழிற்கல்வியைப் பேணி முன்னேற, இங்கிலாந்து பின்தங்குகின்றதென எச்சரித்தார். ஆயினும் பழைய வழக்கம் விரைவில் அசையவில்லை. நிறைந்த பட்டறைகள் உள்ள நாட்டில், பட்டறையைக் கல்லூரிக்குள் கொண்டுவரவேண்டிய அவசியத்தை எவரும் உணர்ந்திலர்.

அவ்வவசியத்தை உணர்ந்த நாடு யப்பான். நாட்டைவிட்டு வெளியேறுவோர்க்கு மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த காலத்தில், 1863 இல், சோசு நாட்டைச் சேர்ந்த ஐந்து இளைஞர் மறைவாகக் கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தனர். அவருள் ஒருவரான யமாவோ யோசோ கிளாஸ்கோவுக்குச் சென்று பகலிற் கப்பல் கட்டும் துறையில் வேலை செய்தார். இரவில் அண்டர்சன் கல்லூரி மாலை வகுப்புகளிற் பயின்றார். தொழில் பயிலுநராயிருந்த ஹென்றி டையர் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞரும் அதே கல்லூரியின் மாலை வகுப்புகளுக்குச் சென்றவர். டையர் பின்னர் றாங்கினின் மாணவரானார். யமாவோ நாடு திரும்பிப் பொதுவேலை அமைச்சில் உயர்பதவி பெற்றார். தோக்கியோவில் அவ்வமைச்சு நிறுவவிருந்த பொறியியற் கல்லூரிக்குத் தலைவர் தேவைப்பட்டபோது றாங்கின் டையரின் பெயரை முன்மொழிந்தார். இருபத்தைந்து வயது நிரம்பாத டையர் 1873 இல் பயணமானார். கப்பலிலேயே பாடத்திட்டத்தை எழுதி முடித்தார். யமாவோ அதனை அவ்வண்ணமே ஏற்றுக்கொண்டார்.

அத்திட்டம் ஆறு ஆண்டுகளுக்குரியது. முதலிரண்டு ஆண்டுகளில் மொழி, கணிதம், பௌதிகம், இரசாயனம், வரைதல் என்பன. அடுத்த இரண்டில் ஆண்டுக்கு ஆறு மாதம் கல்லூரியில் துறைக் கல்வியும் ஆறு மாதம் வேலைத்தலத்திற் பயிற்சியும். இறுதியிரண்டில் முழுமையான தொழிற்பயிற்சி. இயந்திரத் துறை மாணவர் அக்காபானேயிலிருந்த அரசாங்க இயந்திரசாலையிற் கைப்பழக்கம் பெற்றனர். இத்துணை ஒழுங்காக இரண்டையும் பிணைத்த திட்டம் அந்நாளைய பிரித்தானியாவிலேயே காணுதற்கரியது. யப்பானில் தொழில் பயில விடுத்தற்கேற்ற பழைய இயந்திரசாலைகள் இல்லை. இல்லாமையே அங்கே கல்லூரியையும் பட்டறையையும் ஒருங்கே கட்டச் செய்தது.

மாணவருள் மிகப் பலர் சாமுராய் என்னும் போர்க்குடியினர். வாளும் நூலும் பயின்ற குலத்தில் தோன்றியோர்க்கு அரமும் சம்மட்டியும் பிடித்தல் எளிதன்று. வாள் அணியும் உரிமை 1876 இல் அக்குடியினரிடமிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் அவர்தம் மைந்தர் எண்ணெய் படிந்த கையோடு பட்டறையில் நின்றனர். 1879 இல் 23 பேர் முதன்முதலாகத் தேறினர். அவருள் 11 பேர் மேற்படிப்புக்காகப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டனர். அந்நிய ஆசிரியர் வகித்த இடங்களை யப்பானியப் பட்டதாரிகள் படிப்படியாக ஏற்றனர். 1886 இல் அக்கல்லூரி புதிய பேரரசுப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் நிகரான ஆசனத்தில் பொறியியல் அமர்ந்தது.

இதே காலத்தில் கேம்பிரிட்ஜில் நிகழ்ந்ததை ஒப்புநோக்கல் தகும். 1875 இல் பொறிமுறைப் பேராசிரியராக அமர்ந்த ஜேம்ஸ் ஸ்ருவேட், பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தைக்கொண்டு ஒரு பட்டறையை அங்கே நிறுவினார். கம்மாலை பல்கலைக்கழகத்துக்கு அடுக்குமா என ஐயுற்றோர் பலர். சிறப்புப் பட்டத் தேர்வொன்றை ஏற்படுத்த அவர் கொணர்ந்த திட்டமும் நிறைவேறவில்லை. மனமுடைந்த அவர் பதவியைத் துறந்தார். 1890 இல் அவ்விடத்துக்கு வந்த அல்பிரட் யூவிங், 1878 முதல் 1883 வரை தோக்கியோவில் இயந்திரப் பொறியியல் கற்பித்தவர். அவர் காலத்திலேயே, 1892 இல், பொறிமுறை அறிவியலுக்கான தேர்வு அங்கே ஏற்கப்பட்டது. கல்வி கற்பிக்கத் தோக்கியோ சென்றவர் கேம்பிரிட்ஜில் அக்கல்வியை நிலைநாட்டினார் என்பது வரலாற்றின் விந்தை. இதற்கு முன்னரே, 1878 இல், இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் அலெக்சாண்டர் கெனடி பொறியியல் ஆய்வுகூடமொன்றைத் தொடங்கிப் பிறர்க்கு வழிகாட்டியிருந்தார்.

அமெரிக்காவிலும் பட்டறை வழியினர்க்கும் பள்ளி வழியினர்க்கும் இடையே பூசல் நிகழ்ந்தது. 1870 இல் நிறுவப்பட்ட ஸ்ரீவன்ஸ் நிறுவகத்தில் றொபேட் தேர்ஸ்ரன் இயந்திரப் பொறியியலுக்கெனத் தனிப் பாடநெறியை வகுத்து, ஆய்வுகூடத்தை அதன் இதயமாக்கினார். 1880 இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் தோன்றியபோது அவரே முதற் தலைவரானார். இங்கிலாந்தில் நிறுவகத்தின் முதற் தலைவர் பட்டறையிலிருந்து வந்தவர். அமெரிக்காவில் சங்கத்தின் முதற் தலைவர் பேராசிரியர். இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளில் வழக்கு எத்திசையிற் சாய்ந்தது என்பதை இது காட்டும்.

இலங்கைக்கு இக்கல்வி பிரித்தானியா வழியாகவே வந்தது. 1893 இல் கொழும்பில் தொழினுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பொறியியற் பட்டத்துக்கு அங்கே மாணவர் பயின்றனர். 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1950 இல் பொறியியற் பீடத்தைக் கொழும்பில் ஏற்படுத்திற்று. பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேரா அதன் முதற் பீடாதிபதி. 1964 இல் அப்பீடம் பேராதனைக்கு மாறியது. கட்டுபெத்தையில் 1960 இல் எழுந்த செய்முறைத் தொழினுட்ப நிறுவகம் 1966 இல் தொழினுட்பவியற் கல்லூரியாகி, 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தொழிற்சாலைப் பயிற்சி பட்டத்தின் ஒரு பகுதியாக இங்கும் இடம்பெற்றது.

எனினும் பாடத்திட்டத்தில் எழுதியதனால் மட்டும் பழைய பிரிவினை அகன்றுவிடாது. கணிதத்தில் வல்ல மைந்தனைப் பொறியியலாளனாக்க விரும்பும் பெற்றோர் பலர், அவன் கையில் எண்ணெய் படிவதை விரும்புவதில்லை. பட்டத்தை உத்தியோகத்துக்குரிய அனுமதிச் சீட்டாகக் கொண்டு, பட்டறை நாட்களைக் கழிக்கவேண்டிய கடனாகக் கருதும் மாணவரும் உளர். போர்க்குடியின் பெருமையைப் பட்டறை வாயிலில் இறக்கிவைத்த தோக்கியோ மாணவரின் வரலாறு இத்தகையோர்க்கு உரியது. பெரிய தொழிற்சாலைகள் மலிந்த நாட்டில் கல்லூரி கற்பிக்கத் தவறியதை வெளியுலகம் கற்பித்தல் கூடும். அவை அருகிய நாட்டிலோ அக்குறையை நிரப்பவேண்டியது கல்லூரியே. பட்டறை இல்லாத நாட்டுக்கே பட்டறையோடு கூடிய பட்டம் மிகுதியும் வேண்டப்படுகின்றது என்பதே இவ்வரலாறு தரும் தெளிவு. நூலும் கையும் ஒன்றையொன்று திருத்தும் இடத்திலேயே பொறியியலாளன் உருவாகின்றான். ஏனைய இடங்களில் உருவாகுபவன் பட்டதாரி மட்டுமே.